தகர டிக்கெட்

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி அதிகம், வேறு காரணம் ஒன்றும் இல்லை. திருத்தணியிலிருந்து சென்னைக்கு தினமும் ரயிலில் போய் வருகிறவனுக்கு எழுத நேரம் கிடைக்காது, படிக்கத்தான் கிடைக்கும். எங்க ஊரில் ஏறினால் சீட் உண்டு. அரக்கோணம் வந்த பிறகு நிற்கவே இடம் இருக்காது. அப்படி சீட்டில் உட்கார்ந்து ஒரு வருஷமாகப் படித்த விஷயத்தைத்தான் இப்போது கொட்டப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

ஆரம்பம் ஒரு மொக்கை சம்பவம். 2022 ஜனவரியில் காலேஜ் பசங்க ஏழு பேர் சேர்ந்து உல்லாசக் கப்பலில் போகலாம் என்று பிளான் போட்டோம். புக் பண்ணும்போது, ரெண்டு டோஸ் போட்ட சர்டிபிகேட் இருந்தால் போதும் என்றார்கள். ஒமைக்ரான் பரவ ஆரம்பித்ததும் ஒரு மெயில்: ஆர்டிபிசிஆர் வேண்டும், 72 மணி நேரத்துக்குள் எடுத்தது. நாலு நாள் கழித்து இன்னொரு மெயில்: 72 இல்லை, 48. திருத்தணியில் சளி கொடுத்து, ரிசல்ட் வாங்கி, மும்பைக்கு ரயில் ஏறி, கப்பல் பக்கத்தில் போய் நிற்பதற்குள் 48 மணி நேரம் எப்பவோ முடிந்திருக்கும். ரிலீஸுக்கு முந்தின நாள் ரெக்வைர்மென்ட் மாத்துற கிளையண்ட்கூட இவர்களிடம் தோற்றான். அதே சமயம் மும்பையிலிருந்து கோவா போன வேறொரு கப்பலில் 66 பேருக்கு பாசிட்டிவ் என்று செய்தி வர, நாங்கள் கேன்சல் பண்ணினோம். பணம் திரும்பி வர நாலு மாசம்.

இந்தக் கதையை 2023-ல் கோத்தகிரியில் டீம் நண்பன் கல்யாணத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அவனுடைய பாட்டி நிமிர்ந்து பார்த்து, "ஊசி, சீட்டு, கேம்பு... எங்கம்மா சிலோன் போகும்போதும் இதேதானப்பா. ஆனா கேன்சல் பண்ண முடியாது" என்றார்கள். எனக்குச் சிரிப்பு நின்று போச்சு.

பாட்டி பிறந்தது கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1971-ல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இந்தியா திரும்பிய குடும்பம். அவர்களுடைய அம்மா துறையூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்து வயசில், 1920களின் கடைசியில், இலங்கைக்குப் போனவர். அந்த அம்மா போன பாதையைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் படிக்க ஆரம்பித்தேன். அது எங்கெங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் பிளேக். 1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் என்று உறுதியானது. ஐரோப்பிய நாடுகள் பயந்துவிட்டன. இந்தியக் கப்பலையும் சரக்கையும் தடுப்போம் என்று மிரட்டல். பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு வியாபாரம் படுத்துவிடுமே என்ற கவலை. 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் அவசரமாக வந்தது. (2020 மார்ச்சில் நம்மை வீட்டுக்குள் உட்கார வைத்தபோதும் அரசுகள் கையில் எடுத்தது இதே சட்டத்தைத்தான். 123 வருஷத்து லெகசி கோட்!) அதே 1897-ல் வெனிஸ் நகரத்தில் உலக நாடுகள் கூடி, பிளேக் ஊரிலிருந்து வரும் கப்பலை என்ன செய்வது, எத்தனை நாள் நிறுத்துவது என்று ஒப்பந்தம் போட்டார்கள். பம்பாயிலிருந்து ஹஜ் போகிறவர்களின் கப்பலும் அந்த வருஷம் நிறுத்தப்பட்டது.

இதில் எங்க ஊருக்கு என்ன சம்பந்தம்? பம்பாயிலிருந்து மெட்ராஸ் வரும் ரயில் ராய்ச்சூர், குண்டக்கல், ரேணிகுண்டா தாண்டி திருத்தணி வழியாகத்தான் அரக்கோணம் வரும். 1871-லிருந்து அதுதான் பாதை. பம்பாய்ப் பிளேக் மெட்ராஸுக்கு ரயிலில் வருவதென்றால் எங்க மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கணும் :-)

மெட்ராஸ் மாகாணம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது: பிளேக் பாஸ்போர்ட். நோய் உள்ள பகுதியிலிருந்து ரயிலில் வருகிறவரை ஸ்டேஷனில் நிறுத்திப் பார்ப்பார்கள். காய்ச்சல், நெறிகட்டு இல்லையென்றால் ஒரு சீட்டு. பேர், போகிற ஊர் எல்லாம் அதில் இருக்கும். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு பத்து நாளைக்கு அங்குள்ள அதிகாரி முன்னால் ஆஜராகணும். பத்து நாள் என்பது நோய் உள்ளே இருந்தால் வெளியே வந்துவிடும் என்ற கணக்கு. ஆளை அடைத்து வைக்காமல் சீட்டைப் பின்தொடர்கிற யோசனை, ஒரு எஞ்சினியராகச் சொல்கிறேன், மோசமில்லை. ஆனால் நடைமுறை வேறு. மூன்றாம் வகுப்புக்காரர்களை பிளாட்பாரத்தில் வரிசையாக நிறுத்தி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று நெறிகட்டு தேடுவார்கள். பொம்பளைங்களுக்கும் அதேதான், நாலு பேர் பார்க்க. ஊர் முழுக்கக் கொதிப்பு. மேல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் பெரும்பாலும் இல்லை.

அந்தக் காலத்தில் மெட்ராஸ் மாகாண சுகாதாரக் கமிஷனராக இருந்தவர் டபிள்யூ. ஜி. கிங் என்ற ராணுவ டாக்டர். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அவர் பேரில் இருப்பதுதான். 2020-ல் தமிழ்நாட்டில் முதன்முதலாக கொரோனா டெஸ்ட் எடுக்க ஆரம்பித்த லேப். நான் ரொம்ப நாளாக ஏதோ ஒரு இங்கிலாந்து ராஜா பேர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே 1896 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் ஒரு கூத்து. பம்பாயிலிருந்து கிளம்பிய கோர்லண்ட், நாதிரி என்ற இரண்டு கப்பல்கள் டிசம்பர் 18 வாக்கில் டர்பன் போய்ச் சேர்ந்தன. இரண்டிலும் சேர்த்து 800 பேர் அளவில் இந்தியர்கள். கோர்லண்டில் காந்தி, கஸ்தூரிபா, குழந்தைகள். கப்பலில் ஒருத்தருக்கும் பிளேக் இல்லை. ஆனாலும் பம்பாயை விட்டு 23 நாள் ஆகட்டும் என்று கடலிலேயே நிறுத்தினார்கள். 23 நாள் ஆனதும் விட்டார்களா? புகை போடணும், துணி துவைக்கணும், படுக்கையை எரிக்கணும் என்று புதிது புதிதாகச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள். கரையில் வெள்ளைக்காரர்கள் கூட்டம் போட்டு 'இந்தியர்களைத் திருப்பி அனுப்பு' என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 1897 ஜனவரி 13-ல்தான் இறங்கவிட்டார்கள். இறங்கிய அன்று காந்தியை அந்தக் கூட்டம் அடித்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்கப்புறம் அதே வருஷம் நேட்டால் அரசு குவாரன்டைன் சட்டத்தையே திருத்தி, நோய் உள்ள ஊரிலிருந்து வருகிற கப்பலில் ஆளை இறக்கவே வேண்டாம் என்று வைத்துக்கொண்டது.

48 மணி நேர மெயிலுக்கு நான் அழுததை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சரி, பாட்டியின் அம்மா போன பாதைக்கு வருவோம்.

இலங்கையில் முதலில் காப்பி, அப்புறம் தேயிலை. வேலைக்கு ஆள் நம்ம பக்கத்திலிருந்து. 19-ம் நூற்றாண்டில் தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் பக்கமிருந்து தோணியில் மன்னார் போய், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடை. தோராயமாக 150 மைல். காலரா, பட்டினி, மலேரியா என்று வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. பிளேக் பயம் வந்ததும், 1890களின் கடைசியில், அந்த வடக்குப் பாதையை மூடினார்கள். காட்டு வழியில் வருகிறவனை எந்த டாக்டர் நின்று பார்ப்பது? அதனால் தூத்துக்குடியிலிருந்து கொழும்பு ஸ்டீமர்தான் வழி என்று ஆனது. தூத்துக்குடி பக்கத்தில் தட்டப்பாறையில் ஒரு கேம்ப், கொழும்பு பக்கம் ராகமையில் ஒரு கேம்ப்.

தகர டிக்கெட் வந்தது இந்தச் சமயத்தில்தான். 1900களின் தொடக்கம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு எழுத்து, ஒரு நம்பர். அதைப் பொறித்த தகர வில்லை. தோட்டம் அதைக் கங்காணியிடம் கொடுத்தனுப்பும். கங்காணி ஊரில் ஆள் சேர்த்து ஆளுக்கொன்று மாட்டிவிடுவான். கையில் காசு இல்லாமலே ரயில், சாப்பாடு, கேம்ப், ஸ்டீமர் எல்லாம் நடக்கும். பில் நேராக அந்த நம்பர் தோட்டத்துக்குப் போய்விடும். தோட்டம் அதை ஆள் பேரில் பற்று எழுதும். க்யூ.ஆர். கோடு மாதிரிதான், கடனும் சேர்ந்து வருகிற கோடு. பெயர் தேவையில்லை, நம்பர் போதும். முதல் நாள் பெரட்டுக்கு நிற்பதற்கு முன்னாலேயே கடன்காரன். தான் நோய் இல்லாதவன் என்று நிரூபிக்கிற செலவும் அதில் சேர்த்தி. 1923 சட்டத்தில் குடியேற்ற நிதி என்று ஒன்று வைத்து, அழைத்து வருகிற செலவைத் தோட்டங்களே ஏற்க வேண்டும் என்று ஆக்கிய பிறகுதான் அந்தக் கடன் போனது.

1914-ல் பாம்பன் பாலம் வந்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு 22 மைல் ஸ்டீமர். கொழும்புக்கு ஒரே டிக்கெட்டில் போகலாம். பாலத்துக்கு இந்தப் பக்கம், மண்டபத்தில், இலங்கை அரசாங்கம் ஒரு பெரிய கேம்ப் கட்டியது. இது எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது. இடம் இந்தியா, நடத்துவது இலங்கை. டாக்டர், சூப்பரின்டென்டென்ட் எல்லாம் அவர்கள் ஆட்கள். நோயைத் தன் கரையில் நிறுத்தாமல் அடுத்தவன் கரையிலேயே நிறுத்துவது. 2020-க்கப்புறம் 'ஏறுவதற்கு முன்பே டெஸ்ட்' என்று எல்லா நாடும் கேட்டதே, அதை அன்றைக்கே செய்திருக்கிறார்கள்.

கேம்பில் நடந்தது: இறங்கியதும் டாக்டர் பார்ப்பார். குளியல். போட்டிருக்கிற துணியையும் மூட்டையையும் நீராவியில் வேகவைப்பார்கள். அம்மை குத்துவார்கள். 1920களில் கொக்கிப்புழுவுக்கு மருந்தும் சேர்ந்துகொண்டது, ராக்ஃபெல்லர் பவுண்டேஷன் நடத்திய பிரசாரத்தின் விளைவு. அப்புறம் ஒரு வாரம் போல ஷெட்டில் இருக்கணும். பிளேக், காலரா, அம்மை எதுவும் வெளியே வரவில்லை என்றால் ரயில். மேல் வகுப்பில் போகிற வக்கீல், வியாபாரி, துரை யாரும் இந்த ஷெட்டில் தங்க வேண்டியதில்லை. டாக்டர் ஒரு பார்வை பார்த்து சீட்டு கொடுப்பார், கொழும்பு போய் சுகாதார அதிகாரியிடம் தலையைக் காட்டினால் போதும். பிளேக் கிருமிக்கு எந்த வகுப்பு டிக்கெட் என்று தெரியாது. இந்த விதியை நான் புரோகிராமாக எழுதினால் முதல் இஃப் கண்டிஷனில் வருவது உடம்புச் சூடு இல்லை, டிக்கெட் வகுப்புதான். படித்த வரைக்கும் நாள் கணக்கு மாறியிருக்கிறது, ஊசி மாறியிருக்கிறது, பாதையே மாறியிருக்கிறது. இந்த இஃப் மட்டும் மாறவே இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு மறுபடி கோத்தகிரி போனபோது பாட்டியிடம் சொன்னேன். நீராவியில் வேகவைத்த சேலை பற்றிச் சொன்னதும், "ஆமாப்பா, அம்மா சொல்லும். ஊர்ல வாங்கின சிவப்புச் சாயச் சேலை, வெளிய வரும்போது எல்லாத் துணியும் ரோஸாயிருச்சாம்" என்று சிரித்தார்கள். அப்புறம்தான் மீதியைச் சொன்னார்கள்.

அந்த அம்மாவுக்கு ஒரு தம்பி. ஆறு வயசு. கேம்பில் நாலாம் நாள் காய்ச்சல். ஷெட்டிலிருந்து தூக்கிப் போய் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் போட்டார்கள். மற்றவர்களுக்கு நாள் முடிந்தது. கங்காணியின் கூட்டத்துக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரே நாளில் பாஸ். தங்கினால் மறுபடி முதலிலிருந்து எண்ணணும். தாத்தா மட்டும் பையனோடு நின்றார். பாட்டியின் அம்மாவும் அவருடைய அம்மாவும் ரயில் ஏறினார்கள். கழுத்தில் ஒரே நம்பர் தகரம் நாலு பேருக்கு, இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். மூணு வாரம் கழித்து தாத்தா தனியாகத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். என்ன காய்ச்சல் என்று யாரும் சொல்லவில்லை. கேம்புக்கு வெளியே, ஒரு உடைமரத்துக்குக் கீழே என்று மட்டும் சொன்னாராம்.

நான் என் குழுவோடு கப்பலைக் கேன்சல் பண்ணிய ஆள். இதற்கு என்ன பதில் சொல்வது?

இலங்கைக்கு மட்டும் இல்லை. எங்க வட ஆற்காடு பக்கத்து ஜனங்கள் அதிகம் போனது மலாயாவுக்கு. அவர்களுக்கான டெப்போ இரண்டு, ஒன்று நாகப்பட்டினம், இன்னொன்று ஆவடி. ஆமாம், நான் தினமும் தாண்டிப் போகிற அதே ஆவடி! அங்கேயும் டாக்டர், அம்மை குத்தல், காத்திருப்பு, அப்புறம் கப்பல். 1926-ல் வந்த ரஜூலா கப்பல் டெக்கில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல் ஆட்களை ஏற்றுமாம். பினாங்கு போனால் ஜெரஜாக் தீவு, சிங்கப்பூர் போனால் செயின்ட் ஜான்ஸ் தீவு, இரண்டும் குவாரன்டைன் தீவுகள். அங்கேயும் டெக் பயணிகளுக்குத்தான் தீவு. 1938-ல் மலாயாவுக்கும் 1939-ல் இலங்கைக்கும் கூலியாட்கள் போவதை இந்திய அரசு நிறுத்தியது.

பிறகு மஞ்சள் புத்தகக் காலம். அம்மை, காலரா ஊசி போட்ட சர்டிபிகேட் இல்லாமல் கப்பல் ஏற முடியாது. காலரா ஊசியால் நோய் பரவுவது நிற்கவில்லை என்று 1973-ல் உலக சுகாதார நிறுவனம் அதை எடுத்துவிட்டது. அம்மையே உலகத்தை விட்டுப் போய்விட்டது என்று 1980-ல் அறிவித்ததும் அதுவும் போச்சு. மிச்சம் இருப்பது மஞ்சள் காய்ச்சல் சர்டிபிகேட். அதற்கும் முன்பு பத்து வருஷம்தான் செல்லும், 2016-லிருந்து ஆயுசு முழுக்க. இப்படி ஒரு விதி வாபஸ் ஆவதும் நடக்கத்தான் செய்கிறது, நியாயமாக அதையும் சொல்லணும்.

2020 பிப்ரவரி. யோகோஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் கப்பல், 3711 பேர், அதில் 712 பேருக்குத் தொற்று. இந்தியர்கள் 138. அதில் பயணிகள் ஆறே பேர், மற்ற 132 பேரும் சிப்பந்திகள். பயணிகளை 'அறையை விட்டு வெளியே வராதீர்கள்' என்று தனிமைப்படுத்தினார்கள். சாப்பாட்டை அறைக்கு யார் கொண்டுபோவது? சிப்பந்திகள்தான். அவர்களுக்குக் கீழ்த்தளத்தில் பகிர்ந்துகொள்கிற அறை, ஒரே மெஸ். என்னுடைய இஃப் கண்டிஷன் நூறு வருஷத்துக்கு அப்புறமும் அப்படியே ஓடுவதைப் பார்த்தீங்களா?

அதே வருஷம் ஜூன் 2-ம் தேதி கடற்படையின் ஜலஷ்வா கப்பல் கொழும்பில் மாட்டிக்கொண்ட ஏறக்குறைய 700 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. உடம்புச் சூடு பார்த்து, மூட்டைக்கு மருந்தடித்து, பஸ்ஸில் ஏற்றினார்கள். பழைய ஸ்டீமர் பாதை, ஆனால் எதிர்த் திசையில்.

அப்போது எங்க ஊரிலும் ஒரு எல்லை முளைத்தது. பெரியம்மா வீடு நகரியில். பஸ்ஸில் அரை மணி. ஆனால் அது ஆந்திரா, இது தமிழ்நாடு, இ-பாஸ் வேண்டும். மூணு தடவை அப்ளை பண்ணி மூணு தடவையும் ரிஜெக்ட். "1960 ஏப்ரலுக்கு முன்னாடி திருத்தணியும் சித்தூர் ஜில்லாதானேடா, ம.பொ.சி. போராடாம இருந்திருந்தா இன்னைக்கு நான் வந்திருப்பேன்" என்று பெரியம்மா போனில் தெலுங்கும் தமிழுமாகத் திட்டினார் :-) அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி இல்லாத மலையை மாடியிலிருந்து பார்த்ததோடு சரி.

போன வருஷம், 2025 கோடையில், ராமேஸ்வரம் போனோம். புதுப் பாம்பன் பாலம் ஏப்ரலில்தான் திறந்திருந்தார்கள். நண்பன் போன் பண்ணி, "மண்டபத்துல இறங்கி அந்த இடத்தைப் பார்த்துட்டு வர்றியா, பாட்டி கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றான். 1971-ல் திரும்பி வந்தபோதும் அவர்களை மண்டபம் கேம்பில்தான் வைத்திருந்தார்கள். அப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருந்த அந்த அம்மா, பதிவு எழுதிய ஆபீஸரிடம் முதலில் கேட்டது கடன் உதவியோ வேலையோ இல்லையாம். "இங்க பழைய சுடுகாடு எந்தப் பக்கம்யா?" என்றுதான். அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் நீலகிரிக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள்.

இறங்கி டீக்கடையில் கேட்டேன். "கேம்ப்புன்னா எது தம்பி? அகதி முகாமா, மீன் ஆராய்ச்சியா, கோஸ்ட் கார்டா?" என்றார். கூலிகளை நிறுத்திய கேம்பின் ஒரு பகுதிக்கு 1949-ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் வந்தது. இன்னொரு பகுதியில் 1960களில் தாயகம் திரும்பியவர்கள், 1980களிலிருந்து இலங்கை அகதிகள். 2022-ல் அங்கே அரிசிக்கும் பாலுக்கும் வழியில்லாமல் தனுஷ்கோடி மணல் திட்டில் வந்து இறங்கியவர்களையும் இங்கேதான் கொண்டுவந்தார்கள். இப்போது போர்டில் மறுவாழ்வு முகாம் என்று இருக்கிறது. உள்ளே போக அனுமதி வேண்டும். என்னிடம் இல்லை.

வெளியே வேலி ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தேன். நாலு போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே வீடியோ கால் வந்தது. பாட்டி முகத்தை ஸ்கிரீனில் ஒட்டி வைத்துக்கொண்டு, "அங்க உடைமரம் இருக்கா பாரு" என்றார்கள். போனைத் திருப்பிக் காட்டினேன். கண்ணுக்கு எட்டிய வரை சீமைக் கருவேலம்தான் இருந்தது.

"இது வேற மரம் பாட்டி."

"தெரியுது. இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் போ."

போனேன்.